கிரவத்தா இலையின் புளிப்பு

பல்கலைக்கழகத்திலிருந்து தீவுக்குத் திரும்பிய ரொசில்டா, வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு கேள்வி கேட்டுத் தன் குடும்பத்தை இரண்டாக்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் அன்று அவர்கள் வீட்டு மேஜையில் இருந்தேன். பச்சை வாழைக்காயோடு வெந்து நீலம் ஏறிய மீன் குழம்பை அவள் அம்மா டியோலிந்தா பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அப்பா ஒலிம்பியோ. எதிரே டியோலிந்தாவின் தம்பி, ரொசில்டாவின் தாய்மாமன் அனீசியோ. மரவள்ளி மாவைக் குழம்பில் தூவியபடி ரொசில்டா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கிரவத்தா இலையை மென்னா எப்படி இருக்கும்?"

"புளிக்கும்," என்றார் அனீசியோ. "சும்மா புளிப்பில்ல. பல்லு கூசும்."

"சப்புன்னு இருக்கும்," என்றார் ஒலிம்பியோ. "தண்ணியில ஊறின கயிறு மாதிரி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான், நான் பல்லு முளைச்ச நாள்லேர்ந்து அதை மெல்றேன்."

"அப்ப உன் பல்லுலதான் கோளாறு."

"என்னைப் பொய்யன்ங்கிறியா?"

"யாரு சொன்னா? போன குளிர்காலத்துல மடவை வருது, மடவை வருதுன்னு மேட்டுல நின்னு கூவினியே. ஊரே வலையைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சு. வந்தது என்ன? பாசி. அவ்வளவுதான் சொன்னேன்."

அனீசியோ எழுந்தார். தட்டில் மீன் அப்படியே இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு அக்காவிடம்கூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

எங்கள் தீவில் இதைச் சின்ன விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குளிர்காலம் வந்தால் அனீசியோ விடிவதற்கு முன்பே கடற்கரை மணல்மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். மடவை மீன் கூட்டம் வரும்போது தண்ணீரின் நிறம் எப்படி மாறும் என்று கண்டுபிடித்துக் குரல் கொடுப்பவர் அவர்தான். அந்தக் குரலை நம்பித்தான் ஊர் வலையிறக்கும். தூக்கம் கலைய அவர் மெல்லுவது மேட்டுக்குப் பின்னால் மணற்காட்டில் புதர்புதராக நிற்கும் கிரவத்தாவை. அன்னாசியின் சொந்தக்காரச் செடி. இலையின் இரண்டு ஓரமும் கொக்கி முள். ஒலிம்பியோவும் அதே புதர்களைத் தாண்டித்தான் வீடு திரும்புவார். ஆனால் பிற்பகலில், மரவள்ளி மாவு வறுத்த தூசி தொண்டையில் அடைத்திருக்கும்போது. முள்ளைக் கத்தியால் சீவிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார்.

ரொசில்டாவுக்கு அந்த மேஜையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அவள் படித்ததே அதைத்தான். மறுநாள் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இலையில கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி வாய் இருக்கு. மத்த செடியெல்லாம் பகல்ல வாயைத் திறந்து காத்து வாங்கும். கிரவத்தா நிக்கிறது சுடுமணல்ல. பகல்ல திறந்தா உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும். அதனால ராத்திரிதான் திறக்கும். வாங்கின காத்தைப் புளிப்பா மாத்தி இலைக்குள்ளயே சேத்து வெச்சுக்கும். வெயில் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு, சேத்ததை எடுத்துச் சமைச்சுச் சாப்பிடும். மாமா மெல்றப்ப பானை நிறைஞ்சிருக்கு. நீங்க மெல்றப்ப காலி."

"வாயை மூடிக்கிட்டுச் சமைக்குதா?"

"ஆமா."

"உங்கம்மாவால முடியாதது ஒரு செடியால முடியுமா?"

உள்ளேயிருந்து டியோலிந்தா, "காது கேக்குது," என்றாள்.

"காலைல ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சுன்னு மாத்திக்க அது என்ன மேயர் தேர்தல்லயா நிக்குது?" என்று ஒலிம்பியோ எழுந்து போய்விட்டார். அனீசியோவிடம் சொல்லிப் பார்த்தபோது பதில் இன்னும் சுருக்கமாக இருந்தது. "அப்ப நான் சொல்றது பாதிதான் உண்மைங்கிற. போம்மா."

சண்டை இரண்டு வீட்டோடு நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தீவில் வியோலா என்கிற நாட்டுக் கிதாரை வாசிப்பவர் ஒலிம்பியோ. ராபேகா என்கிற எங்கள் ஊர்ப் பிடிலை வாசிப்பவர் அனீசியோ. இரண்டும் சேர்ந்தால்தான் ஃபான்டாங்கோ, மரக்கட்டைச் செருப்புப் போட்டுப் பலகைத் தரை அதிர ஆடும் எங்கள் ஆட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தீவில் ஆட்டமே இல்லை. மரக்கட்டைச் செருப்புகள் வீடுகளில் ஆணியில் தொங்கின. ரொசில்டா கடைக்குப் போனால், "வந்துட்டா, கேள்வி கேக்கிறவ" என்று காதில் விழும்படியே சொன்னார்கள்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு கொட்டகை வேண்டியிருந்தது. விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் வெட்டிய இலையை அங்கேயே பிழிந்து அளக்க வேண்டும். படகில் நகரத்துக்கு அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் வெயில் பட்டுப் புளிப்பு கரைந்துவிடும். பலகைகள் வந்து மணலில் இறங்கிவிட்டன. அடிப்பதற்கு ஆள் இல்லை. இந்தக் குளிர்காலத்திலேயே வேலையைத் தொடங்காவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. முச்சிராவ் என்போம். யார் வீட்டுக்கு வேலை ஆக வேண்டுமோ அவர் ஊரைக் கூப்பிடுவார். ஊர் விடிந்ததும் வந்து, பொழுது சாயும்முன் வேலையை முடித்துக்கொடுக்கும். கூலி கிடையாது. கூப்பிட்டவர் அன்று வயிறாரச் சோறு போட்டு ஃபான்டாங்கோ வைக்க வேண்டும். வேலையை வாங்கிக்கொண்டு ஆட்டம் தராதவர் வீட்டுக்கு மறுபடி ஒரு சுத்தியல் வராது. சாவு வீட்டுக்குக்கூட முகம் கோணித்தான் வருவார்கள்.

ரொசில்டா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். படகுக்காரர் டொரிவால்தான் எல்லோருக்கும் பதிலாகக் கேட்டார்.

"தரை பலகையா?"

"பலகைதான்."

"புதுப் பலகையில செருப்புப் போட்டு ஆடி எவ்வளவு நாளாச்சு! சரி, வாசிக்கிறது யாரு?"

"அப்பாவும் மாமாவும்."

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க," என்றாள் ரொசில்டா. இரண்டு பேரிடமும் அவள் இன்னும் கேட்கவே இல்லை.

என் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "இல்லன்னா ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டுரலாமா அக்கா?" என்று கேட்டாள். நான் தீவின் சமூக வானொலியில் செய்தி வாசிப்பவள். ஸ்பீக்கர் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கடலில் வீசினாலும் வீசுவேனே தவிர முச்சிராவுக்குத் தர மாட்டேன் என்றேன்.

அப்போது வேலியோரம் வந்த டியோலிந்தா சொன்னாள். "ரெண்டு பேருக்கும் நாக்குதானே பிரச்சினை? ஊரு நாக்கை வெச்சுப் பாத்துரு."

ரொசில்டா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. அன்று மாலைக்குள் ஏற்பாடு முடிந்துவிட்டது. முச்சிராவ் அன்று விடிந்ததும் ஊர் முன்னால் இலையை மெல்ல வேண்டும். புளித்தால் அனீசியோ ஜெயித்தார், ராபேகா வாசிப்பார். வேலை முடிந்து பொழுது சாயும்போது மறுபடி மெல்ல வேண்டும். சப்பென்றிருந்தால் ஒலிம்பியோ ஜெயித்தார், வியோலா வாசிப்பார். இருவரும் தத்தம் வெற்றியில் உறுதியாக இருந்ததால் இருவருமே உடனே சம்மதித்தார்கள். இரண்டு பேரும் ஜெயிப்பார்கள் என்பதை ரொசில்டா சொல்லவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை டொரிவால் போட்டது. "காலை இலையை அனீசியோ வெட்டக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டான்னு பேச்சு வரும். ஒலிம்பியோ வெட்டட்டும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த நாள் வந்தது. கடல்மேல் ஆவி நின்ற குளிர்ந்த காலை. கரும்புச் சாற்றில் போட்ட காப்பியைப் பெரிய பானையில் வைத்துக்கொண்டு டியோலிந்தா நின்றாள். ஆட்கள் தோளில் சுத்தியலும், கயிற்றில் கட்டிய மரக்கட்டைச் செருப்புமாக வந்து சேர்ந்தார்கள். அனீசியோ தன் படகிலேயே வந்து, கரையில் பாதி இழுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றார். ஒலிம்பியோ துணி மூடிய பீங்கான் தட்டைக் கொண்டுவந்து பலகைகளின் மேல் வைத்தார். ஓரம் சீவி, மெல்ல வாகாகக் கிழித்த பச்சைத் துண்டுகள்.

அனீசியோ முதல் துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். ஊரே அவர் தாடையைப் பார்த்தது. மெல்லும் வேகம் மெதுவாகக் குறைந்தது.

டொரிவால் ஒன்றை எடுத்தார். பிறகு மற்றவர்கள். நானும் எடுத்தேன். ஊறிய கயிறு என்று ஒலிம்பியோ சொன்னது மிகச் சரியான வருணனை.

"புளிப்பு எங்கப்பா?" என்று ஒரு குரல்.

"தேடு, தேடு. அடியில எங்கயாவது இருக்கும்."

பின்னாலிருந்து யாரோ, "பாசி!" என்றார்கள். சிரிப்பு வெடித்தது.

அனீசியோ துண்டைத் துப்பவில்லை. கையில் எடுத்துப் பார்த்தார், மணலில் போட்டார், தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார். படகில் சாக்குக்கு அடியிலிருந்து ராபேகாவின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. சுத்தியலோடு வந்தவர்கள் சுத்தியலைப் பார்த்தார்கள், ரொசில்டாவைப் பார்த்தார்கள். ராபேகா இல்லை என்றால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லை என்றால் அவர்கள் அங்கே எதற்கு?

ரொசில்டா முகம் வெளுத்து நின்றாள். பிறகு தன் பெட்டியைத் திறந்தாள். ஒரு துண்டை உரலில் நசுக்கி, சாற்றைக் கண்ணாடிக் குடுவையில் வடித்து, ஒரு சிறு குப்பியிலிருந்து இன்னொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். புளிப்பு நிறைய இருந்தால் நிறைய சொட்டு விடும்வரை நிறம் மாறாது. இது முதல் சொட்டுகளிலேயே ரோஜா நிறமாகிவிட்டது.

"இத்தனை வருஷம் படிச்சது துணிக்குச் சாயம் போடவா?" என்றாள் டியோலிந்தா, பயத்தில்.

ரொசில்டா தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து விரலிடுக்கில் வைத்து மடித்தாள். அது காகிதம் போல மடிந்தது. வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் அவள் விரல் நிழலாகத் தெரிந்தது.

"அப்பா, இது ஏன் இவ்வளவு மெலிசா இருக்கு?"

"இலைன்னா மெலிசாத்தான் இருக்கும்."

"கிரவத்தா இலை தடியா இருக்கும். ராத்திரி சேக்கிறதை வைக்க உள்ள இடம் வேணும். இது எங்க வெட்டினீங்க?"

"காட்டுலதான்."

"மணல்லயா, மரத்துலயா?"

ஒலிம்பியோ காப்பிப் பானையைப் பார்த்தார்.

"மரத்துல ஒட்டிக்கிட்டு, நடுவுல மழைத்தண்ணியைத் தேக்கி வெச்சுக்கிட்டு நிக்குமே, முள்ளே இல்லாம வழவழன்னு, அதையா வெட்டினீங்க? அப்பா! அது நிழல்ல நிக்கிற செடி. தண்ணிக்குப் பஞ்சம் இல்லை. அது எதுக்கு ராத்திரி முழிச்சிருக்கணும்? அது பகல்லதான் மூச்சு விடும். அது எப்பவும் புளிக்காது!"

"ரெண்டும் ஒரே ஜாதிதானே," என்று ஒலிம்பியோ முனகினார்.

"வேணும்னே பண்ணினியா ஒலிம்பியோ?" என்றார் டொரிவால், சிரிக்காமல்.

அதைக் கேட்டதும் ஒலிம்பியோவின் முகம் சிவந்துவிட்டது. டியோலிந்தா கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு நேரே வந்தாள். கணவனின் வலது கையைப் பிடித்து ஊருக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. ஒரு கீறல் இருக்கா? ஒரு வாரமா இந்த மனுஷன் மீனைத் தொடலை, விறகைத் தொடலை. மரவள்ளிக்கிழங்கு தோலை நான்தான் உரிக்கிறேன். நகத்தைப் பாருங்க, கலியாணப் பொண்ணு மாதிரி வளத்து வெச்சிருக்கார். ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. வியோலாவுக்கு! கம்பியில போட விரல் வேணுமாம்! அதான் முள்ளுச் செடிகிட்டயே போகலை!"

எல்லோரும் அந்தக் கையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. ஆனால் இது வேறு சிரிப்பு. ஒலிம்பியோ கையை உதறிப் பின்னால் மறைத்துக்கொண்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"டேய் அனீசியோ!" என்று டியோலிந்தா படகுப் பக்கம் கத்தினாள். தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிவிட்டிருந்த தம்பி திரும்பினார். "உன் மச்சான் உன்கூட வாசிக்கிறதுக்காக ஒரு வாரமா விரலைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்காரு! தோத்துருவோம்னு நினைக்கிறவன் நகம் வளப்பானாடா?"

"ஜெயிப்பேன்னு வளத்தேன்!" என்று ஒலிம்பியோ கத்தினார். "எவன் வாசிச்சாலும் வாசிக்காட்டியும் நான் வாசிப்பேன்னு!"

"ஒத்தையில வியோலா வாசிச்சு யாரு ஆடுவா, நண்டா?" என்றார் டொரிவால்.

அனீசியோ படகை விடவில்லை, தள்ளவும் இல்லை. டொரிவால் காத்திருக்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு மணற்காட்டுக்குள் ஓடினார். சற்று நேரத்தில் திட்டு மட்டும் கேட்டது. பிறகு அவரே வந்தார், முழங்கை முழுக்கச் சிவப்புக் கோடுகள், நெஞ்சோடு அணைத்தபடி கொக்கி முள் இலைகள். ரொசில்டா சீவினாள். தடித்த இலை, அழுத்தினால் சாறு வழிந்தது. குடுவையில் சொட்டு மேல் சொட்டு விட்டாள். சாறு நிறம் மாறுவேனா என்றது.

"விடு, விடு, குப்பியே காலியாயிடும் போல," என்று கூட்டம் எண்ணிக்கை விட்டுப் போன பிறகும் கூவிக்கொண்டிருந்தது.

முதல் துண்டை ஒலிம்பியோவே கேட்டு வாங்கினார். மென்றார். ஒரு கண் தானாக மூடியது. பிறகு மற்றது. தோள் இரண்டும் காதைத் தொட்டன. பல்லைக் கடித்தபடி, கண்ணைத் திறக்காமலே, படகு இருந்த திசைக்கு இன்னொரு துண்டை நீட்டினார்.

அனீசியோ கரையேறி வந்து வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் மூடவில்லை. பழக்கம்.

"பல்லு கூசுதா மச்சான்?"

"சாயங்காலம் வரட்டும், பேசிக்கலாம்," என்றார் ஒலிம்பியோ.

அன்று அந்த இலையை மெல்லாத ஆள் தீவில் இல்லை. தூண் நட்டபோது மென்றார்கள், கூரை போட்டபோது மென்றார்கள். ஆணியை ஒரு கடைவாயிலும் இலையை மறு கடைவாயிலும் வைத்துக்கொண்டு பலகை அடித்தார்கள். வெயில் ஏற ஏற, யாராவது ஒருவர் போய்ப் புதிதாக ஒரு துண்டு வெட்டிவந்து அறிக்கை கொடுத்தார்கள். "குறையுது." "இன்னும் நாக்குல சுருக்குன்னு இருக்கு." "மேகம் வந்துச்சே, அப்ப நின்னு போச்சு." "பொய், உனக்கு நாக்கு மரத்துப் போச்சு." நானே வானொலி நிலையத்துக்கு ஓடி, மதியச் செய்தியில் மீன் விலைக்கும் அலை உயரத்துக்கும் நடுவில் கிரவத்தாவின் அப்போதைய புளிப்பை வாசித்துவிட்டு வந்தேன். அடுத்த தீவிலிருந்து அழைத்து, தங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் புளிக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள்.

பொழுது மேற்கே சரிந்தபோது கடைசிப் பலகை அடித்தாயிற்று. ரொசில்டா புதிய துண்டைச் சீவி மாமாவிடம் கொடுத்தாள். ஊர் மறுபடி அந்தத் தாடையைப் பார்த்தது.

"என்ன?" என்றார் ஒலிம்பியோ.

"வாயில உப்புக்காத்து. சரியாத் தெரியல. இன்னொண்ணு குடு."

இன்னொன்றும் மென்றார். அதைத் துப்பிவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி. செத்துப்போச்சு."

"சாகல மச்சான். சேத்து வெச்சதைச் சாப்பிட்டு முடிச்சிருக்கு," என்ற ஒலிம்பியோ கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பகல்ல வாயை மூடிக்கிட்டுச் சமைக்கும் அது. யாருக்குத் தெரியும் இதெல்லாம்?" என்று விளக்கத் தொடங்கினார். மகள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். ரொசில்டா வாயைத் திறக்கவில்லை.

அந்தி இலையை வெட்ட அவளுக்கு நேரமாகிவிட்டது. பகல் முழுக்க ஊர் மென்று மொட்டையடித்த புதர்களைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருந்தது. பையைப் பிடிக்க நானும் கூடப் போனேன். மணல் இன்னும் கதகதப்பாக இருந்தது. அவள் ஒரு செடியின் முன் குனிந்தபோது கொட்டகைப் பக்கமிருந்து வியோலா கேட்டது. கம்பிகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம். பிறகு ஒரு பாட்டின் தொடக்கம். அது தொடர்ந்து போனது, சுற்றி மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. தனியாகத்தான்.

ரொசில்டா கத்தியை இலையில் வைத்தபடி நின்றாள். வெட்டவில்லை.

"மாமாவும் ஜெயிச்சாச்சே. வாக்குக் குடுத்தாரே," என்றாள்.

"பொறு," என்றேன்.

வியோலா இன்னொரு சுற்று வந்தது. அப்போது ராபேகா நுழைந்தது, கரகரவென்று, சுருதி விலகி. உடனே இரண்டும் நின்றன.

"கம்பியை ஏத்து மச்சான்!" அனீசியோவின் குரல்.

"நான் எதுக்கு ஏத்தணும்? நீ இறக்கு!"

"காலைலேர்ந்து இறங்கிக்கிட்டேதான் இருக்கேன்!"

ஊரின் சிரிப்பு மரங்களுக்கு மேலாக வந்தது. கொஞ்ச நேரம் கம்பிகள் மட்டும் முறுகின. பிறகு இரண்டும் ஒரே இடத்தில் பிடித்தன, வேகமாக. அடுத்து அத்தனை மரக்கட்டைச் செருப்புகளும் புதுப் பலகையில் ஒன்றாக இறங்கின. எங்கள் காலுக்குக் கீழே மணல் அதிர்ந்தது போல எனக்குத் தோன்றியது.

ரொசில்டா ஒரே வெட்டில் இலையை அறுத்தாள். பையில் போடக்கூட நிற்கவில்லை. "இதைக் கொஞ்சம் பிடிங்க அக்கா, அம்மா சமையல்கட்டுல பிழிஞ்சுக்கலாம்," என்று என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஓடினாள். முள் குத்தாத இடமாகப் பார்த்து இலையைப் பிடித்துக்கொண்டு நானும் கால்களை வீசிப் போட்டேன்.